காரணம் தெரியாத கவலை: அபூ ஸைத் அல்-பல்கி விட்டுச் சென்ற பாடம்

இப்னு சீனாவை நாம் அறிவோம். அர்-ராஸியையும் அறிவோம். நம் ஊர்களில் மருந்தகங்களுக்கும் தனியார் கல்வி நிலையங்களுக்கும்கூட அவர்களின் பெயர்கள் சூட்டப்படுகின்றன. ஆனால் அபூ ஸைத் அல்-பல்கி என்றால் யார் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. சில வருடங்களுக்கு முன்புவரை எனக்கும் அந்தப் பெயர் ஒரு புவியியலாளரின் பெயராக மட்டுமே தெரிந்திருந்தது.

ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த இந்த மனிதர் மனித மனதின் நோய்களைப் பற்றி எழுதியவர். அவருடைய வாழ்க்கையை இங்கே எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. மனநோய்க்கு வைத்தியரிடம் போவது ஈமானின் குறைபாடு என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு நமது சொந்த வரலாற்றுக்குள்ளேயே பதில் இருக்கிறது. அதை எழுதி வைத்தவர் இவர்தான்.

பள்ளிக்கூட ஆசிரியரின் மகன்

அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் ஏறத்தாழ ஹிஜ்ரி 235இல், அதாவது கி.பி. 850 அளவில் பிறந்தார். ஊர் பல்க் நகருக்கு அருகிலிருந்த ஷாமிஸ்தியான் என்ற கிராமம். பல்க் இன்று ஆப்கானிஸ்தானின் வடபகுதியில் இருக்கிறது. அன்று அது குராஸானின் பெரிய நகரங்களில் ஒன்று. தந்தை ஸிஜிஸ்தானைச் சேர்ந்தவர். சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வாழ்ந்தவர். மகனும் ஆரம்பத்தில் அதே தொழிலையே செய்தார்.

இளம் வயதில் அவருக்கு அறிவுத் தேடல் வந்தது. ஹஜ்ஜுக்குப் போகும் பயணிகளோடு சேர்ந்து, கால்நடையாகவே ஈராக் நோக்கிப் புறப்பட்டார். அங்கே எட்டு வருடங்கள் தங்கினார். அப்பாஸிய ஆட்சியின் கீழ் பக்தாத் அப்போது உலகின் அறிவுத் தலைநகரமாக இருந்தது. கிரேக்க நூல்கள் அரபுக்கு வந்துகொண்டிருந்தன. தத்துவம், வானியல், மருத்துவம், இயற்கை விஞ்ஞானம், மார்க்கக் கல்வி எல்லாவற்றையும் அவர் அங்கே கற்றார். அரபுத் தத்துவத்தின் முன்னோடியான அல்-கிந்தியின் மாணவர் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அல்-கிந்தியும் கவலையைப் போக்கும் வழிகள் பற்றி ஒரு சிறு நூல் எழுதியவர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

படிப்பு முடிந்ததும் ஹிராத் வழியாக ஊர் திரும்பினார். அதன் பிறகு பல்க்கை விட்டு நிரந்தரமாக வேறெங்கும் போகவில்லை. ஏறத்தாழ அறுபது நூல்கள் எழுதினார் என்று இப்னுந் நதீம் பட்டியல் தருகிறார். புவியியலில் அவர் வரைந்த உலகப் படங்களை அடிப்படையாகக் கொண்டே அல்-இஸ்தக்ரியும் இப்னு ஹவ்கலும் தமது நூல்களை எழுதினார்கள். அந்த மரபுக்கு இன்றும் பல்கி மரபு என்றே பெயர். அல்குர்ஆனின் சொல்லமைப்பு பற்றியும் அவர் எழுதினார். மொழிநடையின் காரணமாக அவரைக் குராஸானின் ஜாஹிழ் என்று அழைத்தார்கள்.

யாகூத் அல்-ஹமவி தரும் குறிப்புகளில் அவருடைய தோற்றமும் இருக்கிறது: நடுத்தர உயரம், மெலிந்த உடல், முகத்தில் அம்மைத் தழும்புகள், குறைவான பேச்சு.

பதவியும் சுதந்திரமும்

பல்க்கை ஆண்ட அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்-மர்வஸி (இருவருக்கும் ஒரே பெயர், உறவு கிடையாது) அவருக்கு அமைச்சர் பதவியை வழங்க முன்வந்தார். அபூ ஸைத் அதை ஏற்கவில்லை. எழுத்தர் பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொண்டார். அமைச்சர் பதவி அவருடைய நண்பர் அபுல் காஸிம் அல்-கஃபிக்குப் போனது. அமைச்சருக்கு மாதம் ஆயிரம் திர்ஹம், எழுத்தருக்கு ஐந்நூறு. அபுல் காஸிம் தன்னுடையதிலிருந்து நூறைக் குறைத்து நண்பரின் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கச் செய்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்த வருமானத்தில்தான் அபூ ஸைத் தன் சொந்தக் கிராமத்தில் ஒரு நிலத்தை வாங்கினார்.

அவருடைய எழுத்து எல்லோருக்கும் பிடித்ததாக இருக்கவில்லை. கர்மதிய கொள்கையுடைய ஒரு பிரமுகர் அவருக்கு உதவித்தொகை கொடுத்து வந்தார். திருமறை வசனங்களுக்குத் தம் விருப்பப்படி உட்பொருள் கற்பிப்பதை ஆராய்ந்து அபூ ஸைத் ஒரு நூல் எழுதியதும் அந்த உதவி நின்றுபோனது. இருவேறு கடவுள் கொள்கையில் சாய்வுடையவர் என்று பேசப்பட்ட இன்னொரு அமைச்சரும் அன்பளிப்புகள் அனுப்பி வந்தார். குர்பான் பற்றி அபூ ஸைத் நூல் எழுதியதும் அவரும் நிறுத்திவிட்டார். மறுபுறத்தில், தத்துவம் படித்தவர் என்பதற்காகவே அவருடைய மார்க்கப் பற்றைச் சந்தேகித்தவர்களும் இருந்தார்கள். அபுல் காஸிம்தான் அவருக்காகப் பேசினார். தாங்கள் இருவரும் சேர்ந்து வளர்ந்தவர்கள், அவர் உறுதியான ஏகத்துவவாதி, அவருக்கு அநியாயம் செய்யப்படுகிறது என்பது அவருடைய சாட்சியம்.

இந்தச் சம்பவங்களை நான் சொல்வதற்குக் காரணம், மனதைப் பற்றி அவர் எழுதியவை ஏட்டறிவில் மட்டும் பிறந்தவை அல்ல என்பதே. ஆதரவு கிடைப்பதும் இழக்கப்படுவதும், பழி சுமத்தப்படுவதும், ஒரு நண்பர் கூட நிற்பதும் என்னவென்று அவர் தம் வாழ்க்கையிலேயே கண்டவர்.

உடலும் உள்ளமும்

அவருடைய முக்கியமான நூலின் பெயர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்'. உடல்களினதும் உள்ளங்களினதும் நலன்கள் என்று அதைத் தமிழில் சொல்லலாம். முதற்பகுதி பதினான்கு அத்தியாயங்களில் உடல்நலம் பற்றிப் பேசுகிறது: இருப்பிடம், உணவு, தண்ணீர், உறக்கம், குளியல், உடற்பயிற்சி போன்ற விடயங்கள். இரண்டாம் பகுதி எட்டு அத்தியாயங்களில் உள்ளத்தின் நலம் பற்றிப் பேசுகிறது.

இரண்டையும் ஒரே நூலில் வைத்ததே அவருடைய வாதம். மனிதன் உடலும் உள்ளமும் சேர்ந்தவன். ஒன்று நோயுற்றால் மற்றதும் பாதிக்கப்படும். அக்கால வைத்தியர்கள் உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்று அவர் குறைப்பட்டார். அவர் இன்னொரு கருத்தையும் சொன்னார். சில உடல் நோய்கள் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க வராமலே போகலாம். ஆனால் கோபம், கவலை, பயம் ஆகியவற்றின் தாக்கம் ஒருமுறையாவது வராத மனிதன் கிடையாது. ஆகவே உள்ளத்தைக் கவனிப்பது எல்லோருக்கும் உரிய வேலை, சிலருக்கு மட்டும் உரியதல்ல.

உள்ளத்தின் கோளாறுகளை அவர் நான்காகப் பிரித்தார்: கோபம், பயமும் திடுக்கமும், கவலையும் துயரமும், வஸ்வாஸ் எனப்படும் விடாப்பிடியான எண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அத்தியாயம், தனிச் சிகிச்சை. சிகிச்சையையும் இரண்டாக்கினார். ஒன்று வெளியிலிருந்து வருவது: அறிவுள்ள ஒருவரின் பேச்சும் ஆறுதலும். மற்றது உள்ளிருந்து வருவது: மனிதன் தனக்குத் தானே பழக்கிக்கொள்ளும் நல்ல எண்ணங்கள். வீட்டில் அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் நாட்களிலேயே இந்த எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்றார். புயல் வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

இரண்டு வகைக் கவலை

நூலில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் கவலை பற்றிய அத்தியாயம். கவலையை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்.

முதலாவது, காரணம் தெரிந்த கவலை. நேசித்தவர் மௌத்தாகிறார், சொத்து போகிறது, எதிர்பார்த்தது கிடைக்காமல் போகிறது. இதற்குப் பேச்சும் சிந்தனையும் ஆறுதலும் பொறுமையும் மருந்து.

இரண்டாவது, காரணம் தெரியாத கவலை. எதுவும் நடக்கவில்லை; ஆனாலும் மனம் இருண்டு கிடக்கிறது. எதிலும் விருப்பமில்லை, மகிழ்ச்சியில்லை. இதன் வேர் உடலில் இருக்கிறது, இரத்தத்தின் தூய்மையிலும் தன்மையிலும் ஏற்படும் மாற்றத்தில் இருக்கிறது என்று அவர் எழுதினார். எனவே இதற்கு உடல் மருத்துவம் செய்ய வேண்டும், இரத்தத்தைச் சீராக்க வேண்டும் என்றார்.

இரத்தம் பற்றிய அந்த விளக்கம் அக்கால மருத்துவத்தின் விளக்கம்; இன்று அதை யாரும் ஏற்பதில்லை. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் மனிதாபிமானத்தைப் பாருங்கள். காரணமே இல்லாமல் கவலைப்படும் மனிதரைப் பார்த்து, அல்லாஹ் உனக்கு இவ்வளவு நிஃமத் தந்திருக்கிறானே, ஏன் நன்றி கெட்டவனாக இருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவரை நோயாளி என்றார். மருந்து கொடுக்கச் சொன்னார்.

ஐரோப்பிய மனநல மருத்துவம் இதையொத்த ஒரு பிரிவினைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

வஸ்வாஸ்

எங்கள் ஊரில் ஒரு மனிதர் இருந்தார். வுழூச் செய்யத் தொடங்கினால் ஜமாஅத் முடிந்துவிடும். கையைக் கழுவுவார், கழுவவில்லை என்று தோன்றும், மீண்டும் கழுவுவார். குளிர்காலத்தில் அவருடைய கைகளின் தோல் வெடித்திருக்கும். சிலர் சிரித்தார்கள். சிலர் அவருடைய பேணுதலைப் புகழ்ந்தார்கள். இன்னும் சிலர் ஷைத்தானின் வேலை என்று சொல்லி அவரை ஓதிப்பார்க்க அழைத்துப் போனார்கள். அது ஒரு நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது என்று எவரும் அவரிடம் சொன்னதாக நான் கேட்கவில்லை.

அல்-பல்கி சொன்னார். விருப்பமில்லாமல் மீண்டும் மீண்டும் வந்து மனதை அரித்து, வேலையையும் இன்பத்தையும் கெடுக்கும் எண்ணங்களை அவர் தனியொரு கோளாறாக வகைப்படுத்தினார். கவலையோடோ பயத்தோடோ அதைக் கலந்துவிடவில்லை. அவர் தந்த ஆலோசனைகள் நடைமுறைக்குரியவை. இந்த நோயுள்ளவர் தனிமையில் இருக்கக்கூடாது. மனிதர்களோடு இருக்க வேண்டும். சும்மா இருக்கக்கூடாது, ஏதாவது வேலையில் ஈடுபட வேண்டும். தன்னைப் போன்ற சூழலில் வாழும் மற்றவர்களுக்கு இந்தப் பயம் இல்லையே என்று சிந்தித்து, இது வெளியே உள்ள ஆபத்தல்ல, உள்ளே எழும் எண்ணம் என்று உணர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம்பிக்கை இழக்கக்கூடாது. அல்லாஹ் ஒவ்வொரு நோய்க்கும் மருந்தைப் படைத்திருக்கிறான்.

2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல வைத்தியர் ரானியா அவாத்தும் சாரா அலியும் இந்த அத்தியாயத்தை இன்றைய நோய்நிர்ணய அளவுகோல்களோடு ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நோய்க்குறிகளை அவர் விவரித்த விதம் அவற்றோடு பெருமளவு பொருந்துகிறது என்பதே அவர்களின் முடிவு.

ஆற்றைக் கடக்காதவர்

பயம் பற்றிய அத்தியாயத்தில் ஒரு அழகான உதாரணம் இருக்கிறது. பாலைவனத்தில் வாழ்ந்த ஒரு நாட்டுப்புற அரபி முதன்முறையாகக் குளிர்நாட்டுக்குப் போகிறார். தூரத்தில் அடர்ந்த மூடுபனி. அது ஊடுருவ முடியாத சுவர் என்று நினைத்து அஞ்சுகிறார். உள்ளே நுழைந்ததும் தெரிகிறது, அது ஈரக் காற்றுதான். சற்று முன் சுவாசித்த அதே காற்று. அநேக பயங்கள் இப்படித்தான் என்கிறார் அல்-பல்கி. தூர நின்றால் சுவர், நெருங்கினால் காற்று. ஆகவே அஞ்சும் காட்சிக்கும் ஓசைக்கும் மனதைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

இதை எழுதியவரைப் பற்றியே புவியியலாளர் அல்-முகத்தஸி ஒரு கதை சொல்கிறார். ஸாமானிய அமீர் அவரைப் புகாராவுக்கு அழைத்தார். அமூ தர்யா ஆற்றங்கரை வரை போனவர், அதன் அகலத்தையும் வேகத்தையும் பார்த்தார். என்னை என் அறிவுக்காக அழைத்தீர்கள் என்றால், அந்த அறிவே இந்த ஆற்றைக் கடக்காதே என்கிறது என்ற கருத்தில் அமீருக்குக் கடிதம் எழுதிவிட்டு ஊர் திரும்பினாராம். பயத்துக்கு மருந்து எழுதியவரும் மனிதர்தான். அதனால் அவர் மீதான மதிப்பு எனக்குக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஹிஜ்ரி 322இல், கி.பி. 934இல், தமது எண்பதுகளின் பிற்பகுதியில் அவர் மௌத்தானார். அவருடைய நூலின் கையெழுத்துப் பிரதிகள் இஸ்தான்புல்லின் அயா சோபியா நூலகத் தொகுப்பில் நூற்றாண்டுகளாக இருந்தன. 1984இல் புவாத் ஸெஸ்கின் பிராங்க்பர்ட்டில் அதன் பிரதியை வெளியிட்டார். சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2013இல் அது வெளிவந்தது.

பெருமை பேசினால் போதுமா?

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. இன்றைய விஞ்ஞானம் எதையாவது கண்டுபிடித்தால், அது எங்களிடம் அப்போதே இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவோம். அல்-பல்கியை நான் அப்படிப் பயன்படுத்த விரும்பவில்லை.

அவர் கவனித்தார், சிந்தித்தார், வகைப்படுத்தினார். தனது சிகிச்சை உண்மையில் பலன் தருகிறதா என்று நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்துப் பரிசோதிக்கவில்லை. அவருடைய சமகாலத்தவரான அர்-ராஸி, மூளைக் காய்ச்சலில் ஒரு பகுதியினருக்கு இரத்தம் எடுத்து, மற்றவர்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு ஒப்பிட்டுப் பார்த்ததாகப் பதிவு செய்திருக்கிறார். மனநோயில் அத்தகைய ஒப்பீடுகள் முறையாக நடக்க 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

1965இல் பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபை, மனச்சோர்வு நோயாளிகள் ஏறத்தாழ 250 பேரை நான்கு குழுக்களாக்கி, மின்னதிர்ச்சிச் சிகிச்சை, இரண்டு வகை மருந்துகள், வெற்றுக் குளிசை ஆகியவற்றை ஒப்பிட்டது. ஒரு மருந்து வெற்றுக் குளிசையை விடச் சிறப்பாக எதையும் செய்யவில்லை என்பதும் அதில்தான் தெரியவந்தது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர், கழுவுதல் போன்ற வஸ்வாஸ் நோயுள்ள இருவரை அவர்கள் அஞ்சும் பொருளைத் தொட வைத்து, பிறகு கழுவ விடாமல் பழக்கி முன்னேற்றம் கண்டார். இன்று அந்த நோய்க்கு முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் உளச்சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. 1977இல் அமெரிக்காவில் 41 மனச்சோர்வு நோயாளிகளிடம் எண்ணங்களைச் சீர்திருத்தும் பேச்சுச் சிகிச்சையையும் மருந்தையும் ஒப்பிட்டார்கள். பேச்சுச் சிகிச்சை மருந்துக்குச் சளைக்கவில்லை.

காரணம் தெரிந்த கவலை, தெரியாத கவலை என்ற பிரிவினைகூட இன்று அப்படியே இல்லை. காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நோய்க்குறிகள் எவ்வளவு, எத்தனை நாட்கள், வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கின்றன என்பதைப் பார்த்தே வைத்தியர்கள் முடிவு செய்கிறார்கள். ஜனாஸா நடந்த வீட்டில் இருப்பவருக்கும் மருந்து தேவைப்படும் அளவுக்கு நோய் வரலாம். அல்-பல்கி இன்று இருந்திருந்தால் இந்த ஆய்வுகளை ஆவலோடு படித்திருப்பார் என்று நம்புகிறேன். கிரேக்கரிடமிருந்து கற்கத் தயங்காதவர் அவர்.

நமக்கான பாடம்

நான் வைத்தியன் அல்லன். ஆனால் நம் சமூகத்துக்குள் இருந்து பார்க்கிறேன். நீரிழிவுக்கு மாதாமாதம் கிளினிக்குக்குப் போவோம், வரிசையில் நிற்போம், வெட்கப்பட மாட்டோம். மனநோய்க்கு மட்டும் இரவோடு இரவாக வேறு ஊருக்குப் போவோம். அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே ஏசும் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். பெண் பிள்ளைக்கு நோய் என்றால் கல்யாணம் தடைப்படும் என்று மறைப்போம். குழந்தை பிறந்த பிறகு தாய் அழுதுகொண்டே இருந்தால் நாவூறு என்போம். தொடர்ந்து சாப்பிட வேண்டிய குளிசையை, இமானுள்ளவனுக்கு இது எதற்கு என்று யாரோ சொன்னதைக் கேட்டு இடையில் நிறுத்துவோம்.

ஜின் இருப்பதை நாம் நம்புகிறோம். துஆவும் திக்ரும் குர்ஆன் ஓதுதலும் உள்ளத்துக்கு அமைதி தருகின்றன. அதை யாரும் விடச் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த மார்க்கம் இது. ஓதிப்பார்ப்பதும் வைத்தியரிடம் போவதும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. மருந்தை நிறுத்தச் சொல்பவரை, அவர் எவராக இருந்தாலும், நம்பக்கூடாது.

நமது உலமாக்களுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. வைத்தியரிடம் போவதற்கு முன் மக்கள் வருவது அவர்களிடம்தான். மீண்டும் மீண்டும் வுழூச் செய்பவரையும், காரணமின்றி மாதக்கணக்கில் இருண்டு போயிருப்பவரையும், வாழ்க்கையே வேண்டாம் என்று பேசுபவரையும் அடையாளம் கண்டு வைத்தியசாலைக்கு அனுப்பும் ஓர் இமாம் உயிர்களைக் காப்பாற்றுகிறார். வருடத்தில் ஒரு ஜும்ஆ குத்பாவையாவது இந்த விடயத்துக்கு ஒதுக்கலாம். அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

பல்க் நகரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் மகன், மார்க்கப் பற்றோடும் திறந்த மனதோடும், காரணமில்லாமல் வாடும் மனிதனைக் குற்றவாளியாக்காமல் நோயாளியாகக் கண்டார். ஆயிரத்து நூறு வருடங்களுக்குப் பிறகு, அந்த அளவுக்காவது நாம் இரக்கம் காட்டினால் நம் வீடுகளுக்குள் மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கும் பலர் வெளியே வருவார்கள். அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைச் சுற்றி இருக்கும் நமக்கு நல்ல விளக்கத்தையும் தருவானாக.